விமானப் பயணம்: தூரமும் நேரமும்

பினாங்கிலிருந்து காலை 8 மணிக்குப் புறப்படும் விமானம் 9.30க்குச் சிங்கப்பூரை அடைகிறது எனக் கொள்க. சிங்கப்பூரிலிருந்து நண்பகல் 12 மணிக்குப் புறப்படும் விமானம் பிற்பகல் 1.30க்குச் சென்னையை அடைவதாகப் பயணச்சீட்டு கூறுகின்றது. முன்னதன் தூரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பின்னதன் தூரம் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். இரண்டுக்கும் ஒன்றரை மணி நேரந்தானா? வகுப்பில் இவ்வாறு வினவும் மாணவனுக்கு விடை கூற, தூரம், வேகம், கடிகாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துணர்தல் வேண்டும்.

முதலாவது தூரம். பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குச் சாலை வழியே சென்றால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். விமான தூரமோ, உருண்டையான புவியின்மீது இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வழியின் அளவாகும். பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினால் சிறுவர்க்கும் இது விளங்கும்.

இரண்டாவது வேகம். உயரே சீராகப் பறக்கும் ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் குறையாமல் செல்லும். 600ஐ 800ஆல் வகுத்தால் 45 நிமிடமே வரும். கணக்குப் பிழையன்று, ஆனால் அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகரும் கணத்தில் அது தொடங்கி, மறுமுனையில் வந்து நிற்கும் கணத்தில் முடிகின்றது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லுதல், முறைக்குக் காத்திருத்தல், மேலேறுதல், கீழிறங்குதல், காற்றை எதிர்த்து இறங்குவதற்காகச் சுற்றி வருதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

ஆகவே பினாங்கு – சிங்கப்பூர்ப் பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 400 கிலோமீட்டரே. சென்னைப் பயணத்திற்கு உண்மையில் ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். அதன் சராசரி வேகம் 725 கிலோமீட்டர். இருவருக்குச் சமைத்தாலும் இருபதின்மருக்குச் சமைத்தாலும் அடுப்பு மூட்டும் நேரம் ஒன்றே. அதுபோல, ஏறி இறங்கும் நேரம் குறும்பயணத்தில் பெரும்பங்காகவும் நெடும்பயணத்தில் சிறுபங்காகவும் அமைகின்றது.

மூன்றாவது கடிகாரம். 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு, மலேசியா முழுவதற்கும் சிங்கப்பூருக்கும் நேரம் ஒன்றே. அது கிரீன்விச் நேரத்திற்கு 8 மணி முற்பட்டது. இந்திய நேரம் ஐந்தரை மணி முற்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடு இரண்டரை மணி. பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். நண்பகல் 12 மணியுடன் 4 மணியைக் கூட்டி இரண்டரை மணியைக் கழித்தால் 1.30 கிடைக்கும். திரும்பும்போது கழிப்பதற்கு மாறாகக் கூட்டுதல் வேண்டும்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. சென்னையில் தாயார் காலமானார், மாலை 4 மணிக்குத் தகனம் என்று சிங்கப்பூரிலுள்ள மகனுக்குச் செய்தி வருகிறது எனக் கொள்க. 12 மணியுடன் 4 மணியைக் கூட்டிப் பார்ப்பவர், விமானம் இறங்குவதே 4 மணிக்குத்தான் என எண்ணிப் பயணத்தைக் கைவிடுவார். அவர் உண்மையில் 1.30க்கே சென்னையில் இறங்கித் தாயின் முகத்தை இறுதியாய்க் கண்டிருக்கலாம். கழித்தற் கணக்கைப் போடும் மாணவனிடம், "இஃது எந்த ஊர்க் கடிகாரம்?" என்றும் ஆசிரியர் கேட்டுப் பழக்குதல் நன்று.