வாவியிற் படித்த அகப்பாட்டு

மீன் உண்ணாத ஒருவன் மீன் பிடிக்கப் போனான் என்றாற் கேட்பவர் நகைப்பர். என்னோடு வந்தவர்களும் நகைத்தார்கள். சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு ஒரு நாழிகை இருக்க, மட்டக்களப்பு வாவிக்கரையிலே உயிர்காப்பு அங்கியொன்றை வேட்டிக்கு மேலே இறுகக் கட்டிக்கொண்டு நின்றேன். "பண்டிதர் போருக்குப் புறப்பட்டுவிட்டார்" என்றார் கணித ஆசிரியர். வாவி அமைதியாகக் கிடந்தது. கல்லடிப் பாலத்து விளக்குகள் நீரிலே நீண்டு நடுங்கின.

நான் போனதற்குக் காரணம் ஒரு நண்பர். சரித்திரம் கற்பித்தவர். அறுபது வயது நிறைந்து ஓய்வு பெற்றார். மாலையும் பொன்னாடையும் வேண்டா என்று மறுத்துவிட்டார். "ஒரு நாட் காலையில் வாவியிலே கொடுவா பிடிக்க வேண்டும். நீங்கள் நால்வரும் கூட வரவேண்டும். அதுவே எனக்குப் பிரிவுபசாரம்" என்றார். கணித ஆசிரியர், விஞ்ஞான ஆசிரியர், அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் ஆகிய மூவரும் உடனே இசைந்தனர். மரக்கறி உண்பவனாகிய நான், "பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்" என்ற நிபந்தனையோடு இசைந்தேன்.

வள்ளங்களுக்கு உரியவன் என் பழைய மாணவன். வாவிக்கரைக் கிராமத்துப் பிள்ளை. அவனுடைய தந்தையார் வீச்சுவலை கொண்டு சீவித்தவர். இவனோ உல்லாசப் பயணிகளுக்குக் கயாக் எனப்படும் சிறு வள்ளங்களை வாடகைக்கு விட்டு வாழ்கிறான். மூன்று வள்ளங்கள், வள்ளத்துக்கு இருவர். "ஐயா என்னோடு இருக்கட்டும்" என்று அவன் என்னைக் கைப்பிடித்து முன்னிருக்கையில் இருத்தினான். அவன் முகத்தைக் கண்டதும் ஒரு பழைய கடன் என் நினைவுக்கு வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பண்டிதனுக்கு மீனைவிடச் சொல் பெரிது. கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த பனிநிலங்களில், கிரீன்லாந்து முதலிய இடங்களில் வாழும் இனுவிற் மக்களின் சொல். சட்டம் ஒன்றின்மேற் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து அவர்கள் செய்த வேட்டை வள்ளத்துக்கு அது பெயர். தோல் போய் இன்று பிளாஸ்டிக் வந்துவிட்டது. இருதலையிலும் அலகுடைய சவள் மாத்திரம் மாறவில்லை. நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து கற்றமறான் ஆயிற்று. பனிநில வேட்டுவனுடைய கயாக் நம் கல்லடிச் சிறுவர் வாயிலே புழங்குகிறது. நீரின்மேற் செல்லும் சொற்களுக்குச் சுங்கம் இல்லைப் போலும்.

இவ்வாவிக்கு இத்தகைய வள்ளம் மிகப் பொருந்தும். வடக்கே ஏறாவூர்ப் புறத்திலிருந்து தெற்கே கல்முனைப் புறம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பினும், இதன் பெரும்பகுதி ஆழமற்றது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். இயந்திரப் படகின் சுழலியிற் பாசி சுற்றிக்கொள்ளும். அதன் ஓசைக்கு மீன் ஓடிவிடும். கயாக்கோ ஒரு சாண் நீரிலும் ஓசையின்றி மிதந்து செல்லும். ஒன்று மட்டும் வேண்டும்: கச்சான் காற்று எழுமுன்னர்த் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து அக்காற்று வீசும். ஆழமற்ற நீர் சிறு காற்றுக்கும் விரைவிற் குமுறும். ஆதலினாலேயே விடியுமுன் புறப்பட்டோம்.

இங்கே பாடுமீனைப் பற்றி வாசகர் கேட்பர். பூரணை இரவிலே சவளை நீரில் ஊன்றி, அதன் மேல்நுனியிற் காதை வைத்துக் கேட்கும் அவ்விசையைப் பற்றி, சுவாமி விபுலானந்தர் 'நீரர மகளிர்' என்று பாடியிருக்கின்றார். நாங்கள் சென்றது பாடும் மீனை நாடியன்று. பாயும் மீனை நாடி.

கொடுவா ஓடித் திரிந்து இரை தேடும் மீனன்று; பதுங்கி இருந்து பாய்வது. கண்டல் வேர்களின் நிழலிலும், கற்களின் மறைவிலும், பழைய மரத்தூண்களின் ஓரத்திலும் அசையாது நிற்கும். சிறுமீனோ இறாலோ அருகே வந்தால், வாயை ஒரு கணத்தில் அகலத் திறந்து நீரோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது எழும் ஓசை கரையில் நிற்பவருக்கும் கேட்கும். இருளில் விளக்கொளி பட்டால் அதன் கண் செந்தணல்போல் ஒளிரும். செவுள் மூடியின் விளிம்பு கத்திபோன்றது. தங்கூசையும் அறுக்கும், கையையும் அறுக்கும். கொடுவாய் என்பதே மருவிக் கொடுவா ஆயிற்று என்று கொள்வேன். கொடு என்பதற்கு வளைந்த என்றும் கொடிய என்றும் இரு பொருளும் உண்டு. இம்மீனுக்கு இரண்டும் பொருந்தும். சங்கப் புலவர்கள் தூண்டில் முள்ளையும் வளைந்த வாயுடைய இரும்பு என்றே சொல்வர். வளைந்த வாயை வளைந்த வாயாற் பிடிப்பதே இத்தொழில்.

இனிப் பழைய கடனைச் சொல்லிவிடுகின்றேன்.

அகநானூற்றின் 36ஆம் பாட்டு மருதத்திணையைச் சார்ந்தது. பரத்தையிடம் சென்று மீண்ட தலைவன் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றான். உள்ளே விட மறுப்பவர்கள், அவனுடைய ஊரைச் சொல்லும் முகத்தால் ஒரு காட்சியை முன்வைக்கின்றனர். ஆண் வரால் ஒன்று தூண்டிலின் இரையை விழுங்குகிறது. விழுங்கியதும் ஆம்பல் இலை கிழிய, குவளை மலர்கள் சிதையப் பாய்கிறது. பின்னிக் கிடக்கும் வள்ளைக் கொடியைக் கலக்குகிறது. வேட்டுவன் இழுக்கின்றான், வரவில்லை. கயிறு பூட்டிய சினமுள்ள எருதுபோல் நின்று, விடியற் குளத்தை உழக்குகிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன் இதனை வகுப்பிலே விரித்துரைத்தேன். தூண்டில் பரத்தை, வரால் தலைவன், கலங்கிய குளம் ஊரார் அலர் என்று உள்ளுறையைக் கரும்பலகையிற் பிரித்தும் எழுதினேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, தூண்டில் பட்ட மீன் நடுக்குளத்துக்கு ஓடலாந்தானே? ஏன் ஆம்பலுக்குள்ளே ஓடுகுது?" என்றான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல நாவும் எழவில்லை. "அழகுக்காகப் புலவர் பாடினார். பரீட்சையில் இது வராது. இரு" என்றேன். அவன் இருந்தான். அதன்பின் அவன் என் வகுப்பிலே ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்பொழுது எனக்குப் பின்னே அமர்ந்து சவள் வலித்துக்கொண்டிருந்தவன் அவனே.

கிழக்கு வெளுத்தது. மூன்று வள்ளங்களும் கண்டல் ஓரமாகப் பிரிந்து நின்றன. சரித்திர ஆசிரியர் முதலில் ஒரு சிறு கொடுவாவைப் பிடித்தார். கணித ஆசிரியர் ஒன்று. அஞ்சலக அன்பர் இரண்டு. விஞ்ஞான ஆசிரியர் மாத்திரம் கண்டல் வேரையே மும்முறை பிடித்தார். அவர்களுடைய நகைப்பொலி நீரின்மேலே தவழ்ந்து வந்தது. முப்பது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையிலே தேநீர் அருந்திய நாங்கள், ஒருவரையொருவர் இவ்வளவு எளிதாக அழைத்துப் பேசியதில்லை.

"ஐயா, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ. வள்ளத்தைத் திருப்ப வேணும்" என்று மாணவன் தன் தூண்டிற்கோலை என் கையிலே தந்தான். பார்வையாளனாக வந்தவன் கோலைப் பிடித்தேன். ஒரு விநாடி இருக்கும். வேர்களின் அருகே நீர் வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது. என் இரு கைகளும் முன்னே இழுபட்டன.

நான் எண்ணியது வேறு. பட்ட மீன் அஞ்சித் திறந்த நீருக்குப் பாயும், நான் இழுப்பேன், அது இழுக்கும், அவ்வளவே என்று எண்ணினேன். நடந்தது அதுவன்று. அகன்ற வாவி ஒருபுறம் திறந்து கிடக்க, மீன் அதனைத் திரும்பியும் பாராமல், நேரே கண்டல் வேர்களுக்குள் ஓடிற்று. வேரிற் படிந்த பாசி கிழிந்து மேலே வந்தது. இலைகள் உதிர்ந்தன. அடிச்சேறு கிளம்பி நீர் கறுத்தது. அது நின்றது, தலையை அசைத்தது, பின்னும் வேருக்குள்ளேயே முயன்றது. இலேசான வள்ளமும் அதன் பின்னே சென்றது.

"அந்தப் பக்கம் விடாதையுங்கோ ஐயா! அது தன்ரை வீட்டுக்குப் போகப் பாக்குது!" என்று பின்னிருந்து குரல் வந்தது.

தன் வீடு! கோல் கையிலே துடிக்க, இருபது ஆண்டுப் பழைய கேள்விக்கு அந்தக் கணத்திலே விடை கிடைத்தது. முள் தைத்த மீன் வேற்றிடத்துக்கு ஓடுவதில்லை. எந்த நிழலில் வாழ்ந்ததோ அந்த நிழலுக்கே ஓடும். ஓடும்போது கிழிவது அதன் வீடு. ஆம்பலும் குவளையும் வள்ளையும் அவ்வராலின் வீடல்லவா? தலைவனும் அவ்வாறே வந்து நிற்கின்றான். முள் தைத்தது புறத்தே. அவன் ஓடி வந்தது தன் மனைவாயிலுக்கு. கிழிந்தது அவன் மனை. பாட்டு அவன் பரத்தையிடம் சென்றதை மாத்திரம் சொல்லவில்லை. திரும்பி வந்ததையும் சொல்கிறது. கரும்பலகையிற் கோடிட்டுப் பிரித்த என் உள்ளுறையிலே வீடு என்ற ஒன்றை நான் எழுதவேயில்லை. கடைசி வாங்குப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது, கரும்பலகையோடு நின்ற என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாணவன் வள்ளத்தைத் திறந்த நீருக்குப் பின்வாங்கினான். சிறிது நேரத்தில் மீன் களைத்தது. கீழ்த்தாடையைப் பிடித்து அவன் அதனை வள்ளத்தின் பக்கத்தே நீரிலேயே வைத்திருந்தான். ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம். மற்றை இரு வள்ளங்களும் விரைந்து வந்தன.

"பண்டிதர் பிடித்தார்! ஐந்து வீட்டுக்குக் கறி!" என்றார் அஞ்சலக அன்பர்.

மாணவன் தயங்கினான். "பெரிசெல்லாம் தாய், ஐயா. அப்பா சொல்லுவார். மாரியிலே முகத்துவாரம் திறந்தால் இதுதான் போய் முட்டை விடும்" என்றான்.

விஞ்ஞான ஆசிரியர் அதனை உறுதிப்படுத்தினார். கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, பின்னர் வளர்ந்த நிலையிலே பெண்ணாக மாறுமாம். ஆதலால் மிகப் பெரிய கொடுவாக்களெல்லாம் பெரும்பாலும் பெண்களே. உப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியிலே முட்டையிடும். பெரிய மீனொன்று பல இலட்சக் கணக்கில் இடும். குஞ்சுகள் வாவிக்குள் வந்து வளரும். அவுஸ்திரேலியாவில் இதனையே பறமுண்டி என்பர். அங்கே குயின்சுலாந்து மாநிலத்துக் கடலிலும் ஆற்றிலும் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மீனை மட்டுமன்றி, 120 சென்ரிமீற்றருக்கு மிகுந்த மீனையும் கொண்டுசெல்லச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. சிறியதை விடுவது எங்கும் உள்ள வழக்கம். பெரியதையும் விடுவது இம்மீனின் வரலாறு அறிந்தவர் வகுத்த முறை.

"அங்கே சட்டம் இருக்கிறது. இங்கே நான் விட்டால் நாளைக்கு இன்னொருவர் வலையில் விழும்" என்றார் கணித ஆசிரியர். அக்கணக்கிலும் பிழையில்லை. வலையை நம்பி வாழ்பவன் ஒருவன் இம்மீனைக் கொண்டுபோனால் அவனை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தனர். நான் வாய் திறக்கவில்லை. விடுங்கள் என்று நான் சொன்னால், அது மரக்கறி உண்பவனுடைய விரதம் பேசியதாகும். என் விரதம் என் இலையோடு நிற்க வேண்டும். நண்பரின் இலையை அது தொடலாகாது. ஆகவே ஓய்வுபெற்ற நண்பரைப் பார்த்தேன். அது அவருடைய நாள்.

அவர் மீனை நெடுநேரம் பார்த்தார். "நாலு சிறியது இருக்கிறது. ஒரு நேரச் சோற்றுக்கு அது காணும். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் போன காலத்தையே படிப்பித்தேன். வருங்காலத்துக்கு என்று இதையாவது விடுவோம்" என்றார்.

கணித ஆசிரியர் மறுக்கவில்லை. மாணவன் முள்ளைக் கழற்றி, மீனின் தலையைத் திறந்த நீரை நோக்கிப் பிடித்து, அது தானாக அசையும்வரை காத்திருந்தான். வால் ஒருமுறை அடித்தது. நீர் எங்கள்மேலே தெறித்தது. அது திறந்த நீருக்குப் போகவில்லை. வளைந்து திரும்பிக் கண்டல் வேர்களுக்குள்ளேயே போயிற்று.

கச்சான் எழுமுன் கரைக்குத் திரும்பினோம். வழியிலே என் கடனை மாணவனிடம் சொன்னேன். அன்று அவன் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன மறுமொழியையும், இன்று கிடைத்த விடையையும் ஒழுங்காகச் சொன்னேன். அவன் சவள் வலிப்பதை நிறுத்தினான். "நான் அப்பிடிக் கேட்டனானோ ஐயா? எனக்கு ஞாபகமில்லை" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனால் உங்கடை வகுப்பிலே கேள்வி கேக்கப் பயம் எண்டது ஞாபகம்" என்றான்.

அவன் அதனைக் குறையாகச் சொல்லவில்லை, நகைத்துக்கொண்டே சொன்னான். நான் நகைக்கவில்லை. கேள்வி மறந்துபோயிற்று, அச்சம் மறக்கவில்லை. ஆசிரியர் நாம் பிள்ளைகள் மனத்தில் எதனைப் பதிக்கின்றோம் என்பதை நாமே அறியோம்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் அந்த 36ஆம் பாட்டையே எடுத்தேன். பாட்டைச் சொன்னேன், பொருளைச் சொன்னேன். உள்ளுறையைச் சொல்லவில்லை. வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பட்ட மீன் ஏன் ஆம்பலுக்குள் ஓடுகிறது? வாவிக்கரைப் பிள்ளைகள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். வகுப்பு அமைதியாயிருந்தது. பிறகு கடைசி வாங்கிலே ஒரு கை மெல்ல உயர்ந்தது.