செம்மங்குடி சீனிவாச ஐயர்: பாடகரும் இசையாசிரியரும்

செம்மங்குடி சீனிவாச ஐயர் (25 ஜூலை 1908 – 31 அக்டோபர் 2003) காவிரிப் படுகையில் பிறந்த கருநாடக இசைப் பாடகர். 1926 முதல் தொண்ணூறு வயதைக் கடந்தும் மேடையில் பாடியவர்; எம். எஸ். சுப்புலட்சுமி உள்ளிட்ட பலருக்குக் கற்பித்தவர். இயல்பாகவே இனிய குரல் அமையாத ஒருவர் பாட்டைத் தொழிலாகக் கொள்ள முடியுமா என்பதற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு தஞ்சைப் பகுதியில் இல்லை எனலாம்.

சாரீரச் சிக்கல்

இவர் பிறந்த ஊர் திருக்கோடிக்காவல். தாய்மாமனான வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரின் வீட்டில் சிறு பருவம் கழிந்தது. அவர் மறைந்தபின் தந்தையின் ஊரான செம்மங்குடிக்கு வந்தார். எட்டு வயதளவில் உறவினர் செம்மங்குடி நாராயணசாமி ஐயரிடம் பாட்டு தொடங்கியது. குரலோ கரகரப்பு, மூக்கொலியும் கலந்திருந்தது. கொட்டாங்கச்சியைக் கல்லில் தேய்ப்பது போல இருக்கிறது, பேசாமல் வயலின் கற்றுக்கொள்ளட்டும் என்று மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை அறிவுரை கூறியதாகச் சொல்வர். நாராயணசாமி ஐயர் அதை ஏற்கவில்லை. பாட்டுதான் என்று உறுதியாக நின்றார்.

திருப்பம் திருவிடைமருதூரில் நேர்ந்தது. அங்கே சகாராம ராவ் கோட்டுவாத்தியக் கலைஞர். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் கோட்டுவாத்தியத்தில் கிடையாது. தந்தியின் மேல் ஒரு கட்டையை வழுக்கியே சுரங்களை எழுப்ப வேண்டும். ஆகவே ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்குச் செல்லும் வழி முழுவதும் அறுபடாமல் காதில் விழும். மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய வாத்தியம் இது. அந்த நாதத்தைத் தொடர்ந்து பாடிப் பழகும் மாணவனுக்குக் கமகம் என்றால் என்ன என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

பின்னர் உமையாள்புரம் சுவாமிநாத ஐயரிடமும் மகாராஜபுரம் விசுவநாத ஐயரிடமும் பயின்றார். முன்னவர் தியாகராசரின் நேர்ச் சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் வழியில் வந்தவர். கீர்த்தனைகளுக்கு நல்ல பாடாந்தரம் அவரிடம் கிடைத்தது. விசுவநாத ஐயர் செம்மங்குடியைவிடப் பன்னிரண்டு வயதே மூத்தவர், கச்சேரிகளில் கொடிகட்டிப் பறந்தவர். ஒரு ராகத்தை மேடையில் எப்படி விரிப்பது என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே அறிய முடியும். இந்த ஊர்களெல்லாம் கும்பகோணத்தைச் சுற்றியே இருப்பவை. தேவைக்கேற்ற ஆசிரியரை அடுத்தடுத்த ஊர்களில் தேடிக்கொள்ளும் வாய்ப்பு வேறு எந்த மாணவனுக்கு எளிதில் கிடைத்திருக்கும்?

குரலைப் பதப்படுத்த வழி சாதகம் ஒன்றுதான். விடியலில் தம்பூரா சுருதியோடு அகார சாதகம், வரிசைகளும் வர்ணங்களும் மூன்று காலத்தில், மந்தரத்திலிருந்து தாரம் வரை. இதுவே இப்பகுதியின் வழக்கமான பயிற்சி. ஒலிபெருக்கி வராத காலம் என்பதால் பந்தலின் கடைசி வரிசைவரை குரல் எட்டியாக வேண்டியும் இருந்தது. செம்மங்குடியின் மூக்கொலி கடைசிவரை போகவில்லை. ஆனால் கரகரத்த அந்தச் சாரீரத்திலேயே பிருகாவும் கமகமும் தடையின்றி விழுந்தன. இரசிகர்கள் அந்தக் குரலையே விரும்பத் தொடங்கினர்.

தொழில்

டெல்டா ஊர்களில் அன்று பாடகரின் வருமானம் நெல்லை ஒட்டியிருந்தது. மிராசுதார் வீட்டுக் கல்யாணக் கச்சேரியும் கோயில் உற்சவமுமே சன்மானம் தந்தன. செம்மங்குடி 1926இல் கும்பகோணத்தில் முதல் கச்சேரி செய்தார். 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரசு மாநாட்டையொட்டிய இசை விழாவில் பாடியது இவருக்குப் பெயர் தந்தது. அந்த விழாவின் விளைவாகவே மறு ஆண்டு மியூசிக் அகாதமி தோன்றியது. அதன் சங்கீத கலாநிதி விருதை 1947இல் இவர் பெற்றபோது வயது 39. கல்யாணப் பந்தலிலிருந்து சபா மேடைக்கு இசை இடம்பெயர்ந்த காலமும் இவர் வளர்ந்த காலமும் ஒன்றே.

ஆசிரியப் பணி

திருவிதாங்கூர் மகாராணி சேது பார்வதி பாய் அழைத்ததால் திருவனந்தபுரம் சென்று, அரிகேசநல்லூர் முத்தையா பாகவதருடன் சுவாதித் திருநாளின் பாடல்களைத் தொகுத்துச் சுரப்படுத்தினார். பல பாடல்களின் பழைய மெட்டு வழக்கிழந்திருந்ததால் புதிதாக அமைக்க நேர்ந்தது. இப்பணியை வீணை எஸ். பாலசந்தர் பிற்காலத்தில் கடுமையாக எதிர்த்தார். பாகவதருக்குப் பின் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். இடையே 1957 முதல் 1960 வரை சென்னை வானொலியில் கருநாடக இசைத் தலைமைத் தயாரிப்பாளர். மாதச் சம்பளம் பெறும் பாடகர் என்பது அவருடைய ஆசிரியர்கள் தலைமுறை அதிகம் அறியாதது.

கல்லூரியில் மணிக்கணக்கும் பாடத்திட்டமும் உண்டு. குருகுலத்திலோ ஒரு சங்கதி படியும்வரை நாள் கணக்கில்லை. இரண்டிலும் கற்பித்தவர் இவர். மாணவர்களில் தஞ்சாவூர்க்காரரான டி. எம். தியாகராசன் சென்னை அரசு இசைக் கல்லூரி முதல்வரானார். கோனேரிராசபுரத்தில் பிறந்த பி. எஸ். நாராயணசாமி, மேடையைவிடக் கற்பித்தலுக்கே பெரிதும் அறியப்பட்டவர். அவரிடம் பயின்றவர்களே இன்று பாடிவரும் ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள்.