ஓவியர் அறைக் குப்பை கடல் தாண்டிப் போனது! தூசியைக்கூட விடவில்லை

வீட்டைக் காலி செய்யும்போது என்ன செய்வோம்? பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போடுவோம். மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவோம்.

லண்டனில் ஒரு வீட்டில் நடந்ததோ தலைகீழ்! கிழிந்த காகிதம், காய்ந்த பிரஷ், காலி பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் எண்ணிக் கட்டி, அயர்லாந்து நாட்டுக்கு ஏற்றி அனுப்பினார்கள். தரையில் கிடந்த தூசியும் சேர்ந்தே போனது!

யார் இவர்?

அந்த அறைக்குச் சொந்தக்காரர் ஓவியர் பிரான்சிஸ் பேக்கன். 1909-ல் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் பிறந்தவர். லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்று பாகமாக அவர் வரைந்த ஒரு ஓவியம் 2013-ல் நியூயார்க் ஏலத்தில் 14 கோடி டாலருக்கு மேல் விலை போனது!

கால் வைக்க இடமில்லை

1961 முதல் 1992-ல் சாகும் வரை லண்டனில் அந்தச் சின்ன அறையில்தான் வரைந்தார். பெருக்குவது என்ற பேச்சே கிடையாது. புகைப்படங்களும் புத்தகத்தில் கிழித்த தாள்களும் கணுக்கால் மறையக் குவிந்து கிடந்தன. கதவிலும் சுவரிலும் பிரஷைத் துடைத்து வர்ணம் பார்த்திருந்தார். தூசியையே எடுத்துப் படத்தில் பூசியதும் உண்டு!

புதையல் தோண்டிய மாதிரி

1998-ல் அவருடைய வாரிசு ஜான் எட்வர்ட்ஸ், அறையை டப்ளின் ஹியூ லேன் கலைக்கூடத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்.

கலைக்கூடத்தார் துடைப்பத்தோடு வரவில்லை. பூமியைத் தோண்டிப் புராதனப் பொருள் எடுக்கும் நிபுணர்களை வரவழைத்தார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடந்தது என்று படம் போட்டுக் குறித்தார்கள். மொத்தம் 7 ஆயிரத்துக்கு மேல்! புகைப்படம் மட்டும் சுமார் 1,500. பிடிக்காமல் அவரே கத்தியால் கிழித்த ஓவியத் துணிகள் 100. சுவர், கதவு, தரை, கூரையும் பெயர்ந்து போயின. டப்ளினில் பழையபடியே அடுக்கி, 2001-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு!

குட்டு வெளிப்பட்டது!

இவ்வளவு மெனக்கெட்டதற்குப் பலன்? இல்லாமலா!

"முன்கூட்டிக் கோடு போட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை; நேரே துணியில் பிரஷை வைப்பேன்" என்கிற மாதிரிதான் பேக்கன் பேட்டிகளில் சொல்லி வந்தார். உலகமும் நம்பியது. அவர் அறையைக் கிளறினால், கைப்பட வரைந்த கோட்டுப் படங்கள் சுமார் 70 கிடைத்தன! என்ன வரையலாம் என்று எழுதி வைத்த குறிப்புகளும் இருந்தன. ஆக, மனுஷன் மறைவாக ஒத்திகை பார்த்திருக்கிறார்!

அன்று அதையெல்லாம் எடைக்குப் போட்டிருந்தால், அவர் வாய்ச்சொல்தான் சரித்திரமாக நின்றிருக்கும். ஆள் சொல்லாததைக் காகிதம் சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கும். பேப்பர்காரர் தராசைத் தூக்குமுன் ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க!