சராசரி வேகமும் சடன் பிரேக்கும்

புனேக்கு நாங்கள் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மகன் பதினோராம் வகுப்பு. பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் புரியாவிட்டால், "அப்பா, தமிழ்ல சொல்லுங்க" என்று வந்து நிற்பான். அப்படிச் சொன்ன இரண்டு கணக்குகள் இவை.

புனேயிலிருந்து மகாபலேஷ்வர் ஏறத்தாழ 120 கி.மீ. மலையேறிப் போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ. என்றால் சராசரி வேகம் என்ன?

"50தானே?" என்றான். நானும் அவன் வயதில் அப்படி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன்தான்.

மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவதே சராசரி வேகம். போக 3 மணி நேரம், வர 2 மணி நேரம். 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. மெதுவாகச் சென்ற நேரம் அதிகம்; அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

"அப்போ கூட்டிப் பாதியாக்கறது எப்பவுமே தப்பாப்பா?"

இல்லை. வேகம் ஒரே சீராகக் கூடினாலோ குறைந்தாலோ, அதாவது முடுக்கம் மாறாதிருந்தால், தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கலாம். 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் கண்ட உண்மை இது. கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில், விழும் பொருள்களுக்கு இதைப் பொருத்திக் காட்டினார்.

இரண்டாவது கணக்கு, அவன் பைக் கேட்டபோது வந்தது. மணிக்கு 36 கி.மீ. என்பது விநாடிக்கு 10 மீட்டர். பிரேக் பிடித்தால் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாக வைத்துக்கொள்வோம். நிற்க 2 விநாடி. சராசரி வேகம் 5. ஆகவே 10 மீட்டரில் வண்டி நிற்கும். 72 கி.மீ. வேகத்தில் 4 விநாடி, சராசரி 10, தூரம் 40 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு!

ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆனாலும், அதற்குள் வண்டி முறையே 10, 20 மீட்டர் ஓடிவிடும். ஆக மொத்தம் 20 மீட்டர், 60 மீட்டர்.

"சரி, 30 மீட்டர் முன்னால ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தா?" என்றேன்.

36-இல் வந்தவன் பத்து மீட்டர் முன்பே நின்றுவிடுவான். 72-க்கு அவனே போட்டான். முதல் 20 மீட்டர் பிரேக் பிடிக்காமலே போயிற்று, மிச்சம் 10. வேகத்தின் வர்க்கம் 400-லிருந்து 100 குறைந்து 300. வர்க்கமூலம் 17.3. மணிக்கு 62 கி.மீ.!

"இவ்ளோ வேகத்துலயா போய் இடிக்கும்?" என்றான். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

வண்டிச் சாவியைத் தருமுன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் இந்தக் கணக்கைத் தங்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.