சுருள்முடியும் அதன் வறட்சியும்

புதுவை நகரில் பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறமாய் விளங்கும் ஆயி மண்டபத்தை அறியாதார் நம்முள் இலர். முத்திரையர்பாளையத்தினின்று நன்னீர் நகருக்குள் வந்ததை நினைவூட்டும்பொருட்டுப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பெற்றது அது. கடலோரத்து ஊரில் நன்னீரின் அருமை எத்தகையது என்பதற்கு அம்மண்டபமே சான்றாம். அவ்வருமையை நாவினால் அறிவோர் பலர். தலைமயிரினால் அறிந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவன் என் விடுதி நண்பன்.

அவனுக்கு இயற்கையிலேயே அடர்ந்த சுருள்முடி. உள்நாட்டுச் சிற்றூரினின்று கல்வி பயில வந்த அவன், உவர்ப்பு வாய்ந்த கிணற்று நீரில் நாடோறும் சோப்புத் தேய்த்துத் தலைமுழுகி, மாலைதோறும் கடற்காற்றில் உலாவி வந்தான். ஓரிரு திங்களில் அவன் முடி தேங்காய் நார் போலாயிற்று. தோழர் சிலர் ‘குருவிக்கூடு’ என்று நகைத்தனர். ஒரு விழாவிற்கு முன்னாள் மாலை, ஸ்ட்ரெயிட்னர் என்னும் மின்சூட்டுக் கருவியால் முடியை நேராக்க முயன்று, நெற்றியோரத்து மயிர் கருகி உதிரக் கண்டான்; நாணி விழாவிற்கே வாராதிருந்தான். அன்று அவனுக்குச் சொல்லத் தெரியாதிருந்ததைப் பின்னர்க் கற்றறிந்து இங்கு எழுதலானேன்.

முதற்கண் அறியத்தக்கது ஒன்று. முடி சுருண்டிருத்தல் குறையன்று, வறண்டிருத்தலே குறை. முன்னது பிறவியியல்பு, பின்னது பேணினால் நீங்குவது.

தலைமயிர் கெராட்டின் என்னும் புரதத்தாலாயது. அதன் மேற்புறத்தில், ஓட்டு வீட்டின் கூரையைப்போல, நுண்செதில்கள் ஒன்றன்மேலொன்றாய்ப் படிந்துள்ளன. தலைத்தோலிற் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் எளிதில் நுனிவரை பரவும். சுருள்முடியிலோ வளைவுதோறும் தடைப்பட்டு அடியிலேயே தங்கிவிடும். ஆகவே அடி பிசுக்குற்றிருக்க, நுனி வறண்டிருக்கும். வளைவுகளிற் செதில்கள் எழும்பி நிற்றலின், மயிரோடு மயிர் சிக்கி முறியும். இதன்மேல் உவர்நீரின் தீங்கும் சேருகின்றது. கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்கள் சோப்போடு கூடிக் கரையாத கசடாய் மயிரிற் படியும்; சோப்பின் காரத்தன்மை செதில்களை மேலும் விரியச் செய்யும்.

கண்டிஷனர் இதனை மாற்றுமாறு யாங்ஙனம்? நீரில் நனைந்த மயிர், சிறப்பாகப் பழுதுற்ற மயிர், எதிர்மின்னேற்றம் உடையது. கண்டிஷனரிலுள்ள சில பொருள்கள் நேர்மின்னேற்றம் உடையன. ஆதலின் அவை பழுதுற்ற இடங்களையே மிகுதியாகப் பற்றிக்கொள்ளும். உடன் சேர்ந்த கொழுப்புப் பொருள்கள் செதில்களைப் படியச்செய்து உராய்வைக் குறைக்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்து, தலையில் நெடுநேரம் வைத்திருக்கத் தக்கதாய் அமைந்ததே டீப் கண்டிஷனர் எனப்படுவது.

வாரத்திற்கு ஒருமுறை அதனைப் பயன்படுத்தல் போதும். மென்மையான ஷாம்புவினால் தலைத்தோலைக் கழுவி, நீரைப் பிழிந்துவிட்டு, முடியை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்க. தலைத்தோலில் தடவாது, முடியின் நடுவிலிருந்து நுனிவரை கண்டிஷனரைத் தடவுக. பின்னர் அகன்ற பற்களையுடைய சீப்பினால், நுனியில் தொடங்கி மேனோக்கிச் சிக்கெடுக்க. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாலையைச் சுற்றி, 15 முதல் 30 நிமிடம் பொறுத்திருந்து, கூடுமாயின் நன்னீரில் அலசுக. இரவெல்லாம் வைத்திருப்பதனால் மிகுபயன் விளையாது. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றியெடுத்தல் நன்று. முரட்டுத் துவாலையால் தேய்த்தல் தீது.

இஃது ஏதோ புதுமை என்று மருளவேண்டா. நம் இல்லங்களின் எண்ணெய்க் குளியல் இதற்கு மூத்தது. 2003ஆம் ஆண்டில் ரேலே, மொஹிலே என்னும் நம் நாட்டு ஆய்வாளர் இருவர், தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்புநோக்கி, மயிரின் புரதம் இழக்கப்படாது காப்பதில் தேங்காயெண்ணெயே சிறந்ததென வெளியிட்டனர். அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரியதுமாதலின் மயிரினுள்ளே புகவல்லது. ஆகவே குளிப்பதற்கு முன்னரே அதனைத் தடவுதல் வேண்டும். ஊறவைத்து அரைத்த வெந்தயமும், செம்பருத்தி இலையின் வழுவழுப்பான சாறும் பொருள் முட்டுடைய மாணாக்கர்க்கு ஏற்ற துணைகளாம். சீகைக்காயைப் பொடியாக அரக்கித் தேய்க்காது, ஊறவைத்து வடித்த நீரைக் கொள்வது சுருள்முடிக்கு நலம். பொடுகுடையோர் மட்டும் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடலாகாது. பொடுகிற்குத் துணையாகும் நுண்பூஞ்சை கொழுப்பையுண்டே வளர்வது.

நம் நகரோடு நெடுந்தொடர்புடைய பிரான்சு நாட்டின் தேசியப் பேரவை, 2024ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள், தலைமயிரின் இயல்பு பற்றி ஒருவரை வேறுபடுத்தி நடத்தலைத் தடுக்கும் மசோதா ஒன்றை ஏற்றது. குவாதலூப் தீவின் பிரதிநிதி ஒலிவியே செர்வா என்பார் கொணர்ந்தது அது. சுருள்முடியைப் பழித்தல் சட்டமன்றம் எண்ணவேண்டிய அளவிற்குப் பலரை வருத்தியுள்ளது என்பது இதனால் விளங்கும்.

என் நண்பன் இப்போது மின்கருவியைத் தொடுவதில்லை. கருகிய முடி மீண்டும் உயிர்பெறாது. புதிதாய் வளர்ந்ததே அவன் தலையை நிறைத்தது. அதற்குப் பல திங்கள் சென்றன. அவன் முடி இன்றும் சுருண்டேயுள்ளது, ஆயின் வறண்டில்லை. அடுத்த ஆண்டு விழாவில் அவன் மேடையேறிப் பேசினான். அன்று நகைத்தவருள் யானும் ஒருவன் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் என் கடன்.