பின்பனிக் காலமும் செஞ்சி இளைஞரும்

நுழையும்முன்

பனி என்றதும் வெண்ணிறப் போர்வை படர்ந்த மேலைநாட்டுத் தெருக்கள் மனத்திரையில் தோன்றுவது இன்றைய இளையோருக்கு இயல்பாகிவிட்டது. தமிழ்நிலத்தின் பனியோ இரவின் பிற்பாதியில் ஓசையின்றி இறங்கி, கதிர் எழுந்ததும் மறைந்துவிடும். அப்பனியைக் கொண்டே இரு பருவங்களுக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். அவற்றுள் ஒன்றான பின்பனி, ஒரு சிறுநகரத்து இளைஞரின் நாளை எவ்வாறு வகுக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

தமிழ் இலக்கணம் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இருவகையாகப் பகுக்கிறது. ஓராண்டின் ஆறு கூறுகள் பெரும்பொழுது. ஒரு நாளின் ஆறு கூறுகள் சிறுபொழுது. பனிக்காலம் ஒன்றையே முன்பனி, பின்பனி என இரண்டாக்கியது தமிழரின் நுண்ணோக்கைக் காட்டும். இரவின் முற்பகுதியில் பனி விழும் காலம் முன்பனி. பிற்பகுதியில் விழும் காலம் பின்பனி. மாசியும் பங்குனியும் பின்பனிக்கு உரிய திங்கள்கள்.

இன்றைய நாட்காட்டியில் இது பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அமைகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையோ சனவரி, பிப்ரவரி ஆகிய இரண்டையே குளிர்காலம் என்கிறது. மார்ச்சு முதல் கோடை எனக் கணக்கிடுகிறது. ஆகவே, தமிழ்மரபு பின்பனி என்று வழங்கும் பருவத்தின் பெரும்பகுதி அறிவியல் கணக்கில் கோடையாகிறது. இம்முரண்பாட்டின் விடை, பருவத்தின் பெயரிலேயே அடங்கியுள்ளது. பின்பனி என்பது பகலை நோக்கி இட்ட பெயரன்று. பின்னிரவை நோக்கி இட்ட பெயர். வெயில் முற்றத் தொடங்கிய பகலும் குளிர் நீங்காத பின்னிரவும் ஒரே நாளில் சேர்ந்திருப்பதே இப்பருவத்தின் இயல்பு.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் இவ்வியல்பு தெளிவாகப் புலப்படும். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று பாறைக் குன்றுகள் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. பகலில் வெம்மையை உண்டு இரவில் மெல்ல உமிழும் இப்பாறைகளின் அடிவாரத்தில்தான் நகரத்து இளைஞர் வாழ்கின்றனர்.

வைகறை: பனியின் பொழுது

மாசி மாத வைகறையில் செஞ்சித் தெருக்களில் நிறுத்தப்பட்டிருக்கும் இருசக்கர வண்டிகளைக் கண்டால் ஒரு வேறுபாடு தெரியும். வெட்டவெளியில் நின்ற வண்டியின் இருக்கை நனைந்திருக்கும்; வேப்பமரத்தடியில் நின்றதோ உலர்ந்திருக்கும். பனி வானிலிருந்து மழைபோல் பொழிவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

மேகமற்ற இரவில் நிலத்திலுள்ள பொருள்கள் தம் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கின்றன. அவ்வாறு குளிர்ந்த பரப்பைத் தொடும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க இயலாது. எஞ்சிய நீராவி துளிகளாகப் படிகிறது. மரத்தின் கிளையும் இலையும் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதால் அதன் அடியில் பனி படிவதில்லை. 

செஞ்சியை அடுத்த தொண்டூரில் இதே அறிவைப் பாறையில் காணலாம். அங்குள்ள குன்றில் சமண முனிவர்க்கென வெட்டிய கற்படுக்கைகளும் தமிழி எழுத்தில் அமைந்த கல்வெட்டும் பார்சுவநாதர் உருவமும் உள்ளன. அக்கல்வெட்டு ஏறத்தாழ 1700 ஆண்டுப் பழமை உடையது என்பர் அறிஞர். திறந்த பாறைமேல் படுத்தவர் பனியில் நனைவர். மேலே பாறை கவிந்த இடத்தில் படுத்தவர் நனையார். இயற்கையான பாறைக் கவிப்புகளை உறைவிடமாகத் தேர்ந்த துறவியர்க்கு மழையோடு பனியும் விலகி நின்றது.

இப்பொழுதில்தான் மேல்நிலை வகுப்பு மாணவர் விழித்தெழுந்து படிக்கின்றனர். மாசியில் செய்முறைத் தேர்வும் அதைத் தொடர்ந்து பொதுத்தேர்வும் வருகின்றன. மின்விசிறி தேவைப்படாத, தெரு ஓசை அடங்கிய வைகறை அவர்களுக்குப் பருவம் தரும் கொடை. பங்குனி முற்ற முற்ற அக்கொடையின் அளவு நாள்தோறும் சுருங்கும்.

காலையும் நண்பகலும்: நெல்லின் பொழுது

செஞ்சிக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட சாலையே இதன் உயிர்நாடி. பேருந்து நிலையத்தில் கல்லூரி மாணவரும் கடைப் பணியாளரும் கூடும் காலை நேரத்தில், ஏரிக்கரைகளில் மூடுபனி விலகிக்கொண்டிருக்கும். சம்பா நெல் மூட்டைகளை ஏற்றிய வண்டிகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நோக்கி வரிசையாக நிற்கும்.

நகரத்தில் படிக்கும் இளைஞர் பலருக்கு வீட்டுவேர் சிற்றூரில் உள்ளது. அறுவடைக் காலத்தில் அவர்கள் களத்துக்குச் செல்வதும் உண்டு. பனி அங்கே பணத்தோடு தொடர்புடையது. அரசு கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். களத்தில் மூடாமல் விட்ட நெல் ஓர் இரவின் பனியில் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். எனவே மாலையில் குவித்துத் தார்ப்பாயால் மூடுவதும், காலையில் களத்தின் ஈரம் உலர்ந்தபின் பரப்புவதும் இளையோர் கைக்கு வரும் வேலைகள். ஒருபுறம் இழப்பைத் தரும் அதே பனி, மறுபுறம் நன்மையும் செய்கிறது. சம்பா அறுவடையான வயலில் விளையும் உளுந்தும் பச்சைப்பயறும் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே வளர்கின்றன.

நண்பகலில் காட்சி மாறும். சாலையோரத்தில் தர்ப்பூசணிகள் குவியும். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராசகிரியின் படிகள் காலணியின்றி மிதிக்க இயலாதபடி சுடும். 2025ஆம் ஆண்டு சூலையில், மராத்தியர் படைத்தளங்கள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாகச் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைக்குள் நிற்கும் பெரிய நெற்களஞ்சியங்கள், இப்பருவத்து விளைச்சலைக் காப்பது அன்றும் தலையாய பணியாக இருந்ததை உணர்த்துகின்றன.

மாலையும் யாமமும்: விழாவின் பொழுது

மகா சிவராத்திரியை ஒட்டி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசிப் பெருவிழா தொடங்குகிறது. மயானக் கொள்ளை நாளில் வேளாண்மக்கள் தம் விளைபொருள்களைப் படைத்துச் சூறையிடுவர். தீமிதியும் தேரோட்டமும் தொடரும். பங்குனிக்குப் பின் இவ்வட்டாரச் சிற்றூர்களில் பாரதக் கூத்து களைகட்டும். யாமம் கடந்தும் நீளும் கூத்தைக் காண்போர் முன்னிரவில் வியர்த்து, பின்னிரவில் போர்வையை இழுத்துக்கொள்வர். பருவத்தின் பெயர் விளக்கம் அங்கே ஒரே இரவில் கிடைத்துவிடுகிறது.

நகர்ந்துபோன மாதங்கள்

புவியின் அச்சு சுழலும் பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுற்றுகிறது. ஒரு சுற்று நிறைவுற ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். தமிழ் மாதங்கள் விண்மீன் கூட்டங்களைக் கொண்டு கணிக்கப்படுவன. பருவங்களோ கதிரவனின் சாய்வால் அமைவன. ஆதலால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதங்கள் பருவங்களினின்றும் பின்தங்குகின்றன. தொண்டூர்க் கற்படுக்கைகளின் காலத்திலிருந்து இன்றுவரை இவ்விலகல் ஏறத்தாழ 24 நாள். அன்று கதிரவன் கும்ப ஓரையில் புகுந்த பொழுது, இன்றைய கணக்கில் சனவரி 20ஐ ஒட்டி அமையும். அக்கணக்கின்படி பின்பனிக்காலம் மார்ச்சு 20ஐ ஒட்டி முடிந்திருக்கும். முன்னோர் பங்குனியையும் பனிக்காலத்தில் சேர்த்ததன் பொருத்தம் இதனால் மேலும் விளங்கும்.

பிரிவின் பருவம்

பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்குகிறது தொல்காப்பியம். பாலையின் உரிப்பொருள் பிரிதல். அறுவடை முடிந்து, மழை நின்று, வழிகள் உலர்ந்த இக்காலம் பொருள் தேடிப் புறப்படுவதற்கு ஏற்றது. அவ்வாறு பிரிந்தவரை எண்ணி நீளும் பின்னிரவின் குளிரும் இக்காலத்துக்கே உரியது.

இன்றும் அவ்வமைதி முற்றும் மாறவில்லை. பள்ளி, கல்லூரியின் இறுதித் தேர்வுகள் முடிவதும், சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் பேருந்து ஏறுவதும் இப்பருவத்தை ஒட்டியே நிகழ்கின்றன. பெருநகரத்தில் அவ்விளைஞர் காணும் இரவு வேறானது. கற்காரைச் சுவரும் தார்ச்சாலையும் பகலின் வெப்பத்தை விடியும்வரை விடுவதில்லை. நெருங்கிய கட்டடங்கள் வானை மறைப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. பரப்புகள் போதிய அளவு குளிராதபோது பனித்துளியும் படிவதில்லை. பின்பனி அங்கே நாட்காட்டியில் மட்டும் எஞ்சும் சொல்லாகக்கூடும்.

ஒரு சொல் அது குறித்த பொருளைக் கண்டறியாத தலைமுறையிடம் உயிர்ப்பை இழக்கும். வைகறையில் நனைந்த வண்டியின் இருக்கையைத் துடைக்கும் செஞ்சி இளைஞர், அதனை அறியாமலேயே அச்சொல்லுக்கு உரை எழுதுகிறார். அவர் அதனை அறிந்து செய்யும்போது, பருவத்தின் பெயர் ஊர்விட்டு ஊர் சென்றாலும் அவருடன் செல்லும்.

தெரிந்து தெளிவோம்

பெரும்பொழுதுகளும் திங்கள்களும்
கார் – ஆவணி, புரட்டாசி
கூதிர் – ஐப்பசி, கார்த்திகை
முன்பனி – மார்கழி, தை
பின்பனி – மாசி, பங்குனி
இளவேனில் – சித்திரை, வைகாசி
முதுவேனில் – ஆனி, ஆடி

கற்பவை கற்றபின்…

1. மாசித் திங்களில் ஏழு நாள் வைகறையில் வெட்டவெளி, மரத்தடி, கூரைக்கீழ் ஆகிய மூன்று இடங்களில் பனி படிந்துள்ளதா எனக் கண்டு, வேறுபாட்டுக்கான காரணத்தை எழுதுக.
2. உங்கள் ஊரில் பனியோடு தொடர்புடைய சொற்களையும் பழக்கங்களையும் முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, வகுப்பில் கலந்துரையாடுக.