புரொஸ்ரேற் புற்றுநோயும் வைரசுக் கருதுகோளும்

புற்றுநோயொன்றின் காரணி வைரசு என நிறுவப்படுமாயின், அந்நோயைத் தடுப்பூசியால் தவிர்க்கும் வழி பிறக்கலாம். இது வெறுங் கற்பனையன்று. கோழிகளில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டி வைரசினால் உண்டாவதைப் பெய்ற்றன் றவுஸ் 1911இல் காட்டினார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் மனித பப்பிலோமா வைரசுக்குமுள்ள தொடர்பை வெளிப்படுத்திய ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி இன்று பல நாடுகளில் வழங்கப்படுகின்றது. ஆடவரின் சிறுநீர்ப்பைக்குக் கீழே அமைந்துள்ள புரொஸ்ரேற் சுரப்பியின் புற்றுநோய்க்கும் இத்தகைய காரணி உண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

இவ்வினாவுக்கு அடிப்படையும் இருந்தது. ஆர்.என்.ஏ.எஸ்.ஈ.எல். எனும் பரம்பரையலகு, உடலினுட் புகும் வைரசுகளை எதிர்க்கும் நொதியமொன்றை ஆக்குவது. சில குடும்பங்களிற் பரம்பரையாக வரும் புரொஸ்ரேற் புற்றுநோயுடன் அதன் மாற்றங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. வைரசு எதிர்ப்புக் குன்றியவரிடத்து வைரசைத் தேடுவது நியாயமானதே.

ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் சான் பிரான்சிஸ்கோவிலும் பணியாற்றிய ஆய்வாளர் அவ்வாறே தேடினர். எலிகளின் வைரசுகளை ஒத்த, எக்ஸ்.எம்.ஆர்.வி. எனப்பட்ட புதிய வைரசொன்றைக் கண்டதாக 2006இல் அறிவித்தனர். அப்பரம்பரையலகின் இரு பிரதிகளிலும் குறித்த மாற்றத்தைக் கொண்டிருந்த 20 பேரின் கட்டிகளில் 8இலும், ஏனைய 66 பேரின் கட்டிகளில் ஒன்றில் மட்டுமே அது காணப்பட்டதென்றனர். இவ்வேறுபாடு பலரையும் ஈர்த்தது.

ஆயினும், வேறு ஆய்வுகூடங்கள் பலவற்றில் அவ்வைரசு அகப்படவில்லை. 2011இல் அதன் பிறப்பு வெளிப்பட்டது. 1990களில் மனிதக் கட்டியொன்றை ஆய்வுக்காக எலிகளினுடலில் வளர்த்தபோது, எலிகளின் பரம்பரைப் பொருளிலிருந்த இரு வைரசுத் தொடர்கள் ஒன்றிணைந்தே அது உருவாகியிருந்தது. 2012இல் முதலாய்வாளர்களும் தம் பழைய மாதிரிகளை மீளச் சோதித்தனர். நோயாளரின் இழையங்களில் வைரசு இருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட, வைரசு தொற்றிய கலங்களே மாதிரிகளை மாசுபடுத்தியிருந்தன. அவ்வாண்டே முதற் கட்டுரை மீளப்பெறப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறத்தக்கது யாது? வைரசைக் காண்பது வேறு, அதனைக் காரணியென நிறுவுவது வேறு. பப்பிலோமா வைரசின் பரம்பரையலகுகள் புற்றுநோய்க் கலங்களுள்ளேயே தொழிற்படுகின்றன; கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதங்களை அவை எவ்வாறு முடக்குகின்றன என்பதும் அறியப்பட்டுள்ளது. தடுப்பூசி பெற்றோரிடையே அந்நோய் குறைந்துமுள்ளது. இத்தகைய சான்றுகள் புரொஸ்ரேற் புற்றுநோயைப் பொறுத்தவரை எவ்வைரசுக்கும் இன்றுவரை கிட்டவில்லை. முதுமையும் குடும்ப வரலாறுமே அதன் ஐயமற்ற இடர்க்காரணிகளுட் சில.

எனவே வினா பிழையானதன்று; விடையே பிழைத்தது. அப்பிழையைக் கண்டோருள் அதனை முதலில் அறிவித்தவர்களும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. நோயாளரின் நம்பிக்கையோடு தொடர்புடைய ஆய்வில், தன் முடிவையே மீளச் சோதிக்கும் இந்நேர்மை இன்றியமையாததாகும்.